கீழ்க்கட்டத்துக்கு ஒரு பெயர்

நிருபமாவின் குழுவில் எட்டுப் பேர். எட்டுப் பேருக்கும் ஆண்டு மதிப்பீட்டை எழுதி அவள் அனுப்பிவைத்த மறுநாள் காலையிலேயே ஸ்ரீஹர்ஷா அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டான். அவளைவிட மூன்று வயது சின்னவன். ஆனால் அவளைப் போன்ற பத்து மேனேஜர்கள் அவனுக்குக் கீழே. அவளும் அவனும் ஒரே வருஷம் அந்தக் கம்பெனியில் சேர்ந்தவர்கள். அதனால் பேச்சில் மட்டும் பழைய உரிமை மிச்சம் இருந்தது.

"எல்லாரையும் நன்னா எழுதியிருக்க, நிரு. படிக்கவே சந்தோஷமா இருந்தது. பிலோ யாரு?"

அந்தக் கம்பெனியில் மதிப்பீட்டுக்கு ஐந்து கட்டங்கள். அடியில் இருப்பது 'எதிர்பார்ப்புக்குக் கீழே'. வைட்ஃபீல்ட் ஆபீஸ் முழுக்க அதைச் சுருக்கி பிலோ என்பார்கள். நூற்றுக்கு எட்டுப் பேராவது அந்தக் கட்டத்தில் இருந்தாக வேண்டும் என்று கடல் தாண்டி யாரோ முடிவு செய்திருந்தார்கள். அது எழுத்தில் எங்கேயும் கிடையாது. கேட்டால் அப்படி ஒரு கணக்கே இல்லை என்று அடித்துச் சொல்வார்கள்.

"என் டீம்ல யாரும் இல்லை, ஹர்ஷா. போன வருஷம் முழுக்க ஒரு நாள்கூட எங்க சிஸ்டம் விழலை."

"தெரியும். என் கீழ எண்பது பேர். ஏழு பிலோ கொடுக்கணும். மத்தவா ஆறு கொடுத்தாச்சு. பாக்கி ஒண்ணு நீ."

"தப்பு பண்ணாத ஒருத்தரை எப்படிக் கொடுக்கறது?"

"தப்புன்னு யார் சொன்னா? எட்டுப் பேரை வரிசையா நிக்க வெச்சா கடைசில ஒருத்தர் நிக்கத்தானே வேணும்?" அவன் கைப்பேசியைத் திருப்பி வைத்தான். "வியாழக்கிழமைக்குள்ள சொல்லு. இல்லேன்னா நானே எடுக்கணும். எனக்கு உன் ஆட்களைத் தெரியாது. பேப்பர்ல எது கம்மியாத் தெரியறதோ அந்தப் பேரைத்தான் எடுப்பேன்."

பேப்பரில் கம்மியாகத் தெரிவது யார் என்று நிருபமாவுக்கு உடனே தெரிந்தது. அதிதி. குழந்தை பெற்று ஆறு மாத விடுப்பு முடிந்து டிசம்பரில்தான் வேலைக்குத் திரும்பியிருந்தாள். வருஷத்தில் பாதிதான் அவள் கணக்கில் இருந்தது. இன்னமும் மதியத்தில் அரை மணி நேரம் கதவைச் சாத்திக்கொண்டு பால் எடுத்து, டப்பாவை பிரிட்ஜில் வைத்துவிட்டு வேலையைத் தொடர்கிறவள். அவளைக் கொடுக்கக் கூடாது என்பதில் நிருபமாவுக்குச் சந்தேகமே இல்லை. அந்த ஒரு விஷயத்தில் தான் நியாயமாக இருக்கிறோம் என்ற தெம்பில்தான் மற்ற ஏழு பேரையும் அவள் எடைபோட ஆரம்பித்தாள்.

சஞ்சய் வேலை செய்வதைவிடச் செய்த வேலையைப் பற்றிப் பேசுவது அதிகம். நேர்மையாகப் பார்த்தால் வரிசையின் கடைசியில் நிற்க வேண்டியவன் அவன்தான். ஆனால் சனிக்கிழமை தோறும் ஹர்ஷாவோடு பேட்மிண்டன் ஆடுகிறவன். அவன் பெயரை நீட்டினால் அடுத்த ஆறு மாதம் அதற்கு விளக்கம் சொல்லியே காலம் போகும். சிந்துவுக்கு இருபத்தாறு வயது, வாய்த்துடுக்கு. பிலோ என்று சொன்ன மறு நிமிஷம் கம்பெனிப் பெயரோடு இணையத்தில் எழுதிவிடுவாள். இப்படியே ஒவ்வொரு பெயராகத் தள்ளிக்கொண்டு வந்ததில் சிவசங்கரன் மிஞ்சினார்.

சிவசங்கரனுக்கு முப்பத்தொன்பது வயது. சொந்த ஊர் ஆரணிப் பக்கம். பொம்மனஹள்ளியில் குடியிருந்தார், மனைவி உஷா அங்கேயே ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர், ஒரே பெண். காலை ஆறே முக்காலுக்கு ஆபீஸ் பஸ் ஏறி ஒன்பதுக்கு வந்து உட்கார்ந்தால் மனிதர் இருக்கிற இடம் தெரியாது. கோடிக்கணக்கான பேர் உள்ளே நுழையும் லாகின் பகுதி அவருடைய கண்காணிப்பில் இருந்தது. எங்கே அடைக்கும், எங்கே திணறும் என்று முதல் நாளே மோப்பம் பிடித்துச் சரி செய்துவிடுவார். அதனால் ஒன்றும் நடக்காது. ஒன்றும் நடக்காததால் யாருக்கும் அவரைத் தெரியாது. எல்லாரும் எல்லாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடும் அந்த ஆபீஸில் அவர் ஒருவர்தான் நிருபமாவை மேடம் என்பார். எத்தனை தடவை சொல்லியும் மாறவில்லை.

அவர் கேட்க மாட்டார். 'சரிங்க மேடம்' என்பார். அந்த நினைப்பு வந்த வேகத்தில் நிருபமா எழுந்து காபி மெஷின் பக்கம் போய் நின்றாள். கப்பை எடுக்காமலே திரும்பி வந்தாள்.

வியாழக்கிழமை நாலு மணிக்கு அந்தப் பெயரை அனுப்பினாள்.

வெள்ளிக்கிழமை ஹெச்.ஆரிலிருந்து ரக்ஷா பேசினாள். "நிருபமா, ரேட்டிங் பிலோன்னு இருக்கு, ஆனா நீங்க எழுதினதைப் படிச்சா அவார்ட் கொடுக்கலாம் போலிருக்கே. ரெண்டும் மேட்ச் ஆகணும். இன்னிக்கே மாத்திக் கொடுத்துடுங்க."

பழைய வாசகங்களைத் திரையில் ஒரு பக்கம் வைத்துக்கொண்டு மறுபக்கத்தில் புதிதாக எழுதினாள். 'பிரச்சினை பெரிதாகும் முன்பே கண்டுபிடித்துச் சத்தமில்லாமல் சரி செய்கிறார்' என்று முன்பு எழுதியிருந்ததை, 'தான் செய்யும் வேலையை மற்றவர்களுக்குத் தெரியப்படுத்துவதில்லை' என்று மாற்றினாள். 'இளைய பொறியாளர்கள் நால்வருக்கு வழிகாட்டி, அவர்கள் வேலையைப் பார்த்துத் திருத்துகிறார்' என்பது, 'மற்றவர்கள் வேலையில் நேரத்தைச் செலவழித்துத் தன் இலக்குகளில் கவனம் சிதறவிடுகிறார்' என்று ஆயிற்று. பொய் என்று ஒரு வரியைக் காட்ட முடியாது. மனிதரைத் திருப்பி நிறுத்தி முதுகுப் பக்கத்தை வரைந்த மாதிரி இருந்தது. முழுசாக நாற்பது நிமிஷம்கூட ஆகவில்லை. இத்தனை சுலபமாக வந்ததே என்பதுதான் பின்னால் அவளை அதிகம் படுத்தியது.

திங்கட்கிழமை சிவசங்கரனைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னாள். அவர் சட்டைப் பையில் இருந்த பேனாவை எடுத்து மூடியைத் திறந்தார், மூடினார்.

"பிலோவா மேடம்? எனக்கா?"

"மத்தவங்களோட ஒப்பிட்டுப் பாக்கும்போது... உங்க வேலை வெளிய தெரியலை."

"தெரியாம இருக்கறதுதானேங்க அந்த வேலை?"

பேனாவைப் பையில் செருகிக்கொண்டு அவரே, "சரிங்க மேடம். இப்ப நான் என்ன செய்யணும்?" என்றார்.

அறுபது நாளைக்கு ஒரு முன்னேற்றத் திட்டம். ஆபீஸில் அதற்கு 'பிப்' என்று பெயர். அதில் கொடுத்த இலக்குகளை முடித்துக் காட்டினால் தப்பிக்கலாம். இலக்குகளை எழுதுவது நிருபமாவின் வேலை. எப்படியும் அவரைக் கரையேற்றிவிட வேண்டும் என்று, அவரால் முடிகிறவையாகப் பார்த்து மூன்று எழுதினாள். நாலாவதை ஹர்ஷா சேர்த்தான்: வாரம் ஒரு முறை பிரிவு முழுவதற்கும் முன்னால் நின்று இருபது நிமிஷம் ஆங்கிலத்தில் தன் வேலையைப் பற்றிப் பேச வேண்டும்.

முதல் வாரம் பார்க்கச் சகிக்கவில்லை. வந்திருந்த நாற்பது பேருக்கு முன்னால் சிவசங்கரன் திரையைப் பார்த்தபடி பேசினார். நடுவில் சஞ்சய் ஒரு கேள்வி கேட்டான். பதில் தெரிந்தும் வார்த்தை வராமல் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். கீழே யாரோ இருமினார்கள். இரண்டாவது வாரம் கொஞ்சம் பரவாயில்லை. மூன்றாவது வாரத்திலிருந்து அவர் எழுதியதைச் சிந்து உட்கார்ந்து திருத்திக் கொடுத்தாள். சில்க் போர்டு நெரிசலில் பஸ் நிற்கும்போதெல்லாம் வாய்க்குள் பேசிப் பார்ப்பதாகவும், பக்கத்து சீட்டுக்காரர் இடம் மாறி உட்கார்ந்துவிட்டதாகவும் அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். ஆறாவது வாரம் திரையை விட்டு நகர்ந்து வெள்ளைப் பலகையில் படம் போட்டு விளக்கினார். எங்கே அடைக்கும், முன்கூட்டியே எப்படித் தெரியும் என்று அவர் சொல்லச் சொல்ல ஆட்கள் கைப்பேசியைக் கீழே வைத்தார்கள். எட்டாவது வாரம் ஹர்ஷாகூட வந்து பின்னால் நின்று கேட்டுவிட்டு, "குட் ஸ்டஃப்" என்று சொல்லிப் போனான்.

நிருபமா 'நான்கு இலக்குகளும் நிறைவேறின' என்று எழுதி அனுப்பினாள். அன்றைக்கு மெட்ரோவில் மெஜஸ்டிக்கில் மாறி மல்லேஸ்வரம் வந்து இறங்கியவள், சம்பிகே ரோட்டில் வழக்கம்போல ஆட்டோ பிடிக்கவில்லை. வீடு வரைக்கும் நடந்தே போனாள். மார்ச் மாதத்தில் செய்ததை ஜூனில் கழுவியாயிற்று என்று நினைத்தாள்.

மறுநாள் ரக்ஷா போன் செய்தாள். குரலில் பதற்றம்.

"நாலும் முடிஞ்சதுன்னு எழுதிட்டீங்களே! அப்படி எழுத முடியாது நிருபமா. அவர் இருக்கற அந்த சீட்டே, அந்த போஸ்டே இப்ப இல்லை. ஏப்ரல்லயே சரண்டர் பண்ணியாச்சு."

"ஏப்ரல்லயா? பிப் ஆரம்பிச்சதே ஏப்ரல்லதானே?"

"ஆமா. பிலோ லிஸ்ட் மேலே போனதுமே சீட்டையும் எடுத்துட்டாங்க."

"அப்புறம் அந்த அறுபது நாள் எதுக்கு?"

"ப்ராசஸ். பேப்பர் வேணுமில்லையா? பொதுவா ரெண்டு வாரத்துல அவங்களே ராஜினாமா பண்ணிட்டுப் போயிடுவாங்க. இப்படிக் கடைசி வரைக்கும் யாரும் செய்யறதில்லை." ரக்ஷா கெட்டவள் இல்லை. குரலைத் தாழ்த்தி, "எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. ரெண்டு இலக்கை மட்டும் 'பகுதி நிறைவேறியது'ன்னு மாத்துங்க, போதும்" என்றாள்.

நிருபமா நேராக ஹர்ஷாவிடம் போனாள். சீட் போனதை ஏன் தன்னிடம் சொல்லவில்லை என்று கேட்டாள்.

"உனக்குத் தெரியாதா?" அவன் உண்மையாகவே ஆச்சரியப்பட்டான். "பதினெட்டு வருஷமா இங்க இருக்க. பிப்ல போனவா எத்தனை பேர் திரும்பி வந்து பாத்திருக்க?"

யோசித்துப் பார்த்தாள். ஒருவரும் இல்லை. அந்தக் கேள்வியை அவள் தனக்குள்கூட ஒரு நாளும் கேட்டுக்கொண்டதில்லை.

இரண்டு நாள் மாற்றாமல் வைத்திருந்தாள். மூன்றாம் நாள் ஹர்ஷா அவள் மேசைக்கே வந்து, சத்தம் போடாமல் சொன்னான்: "அவர் எப்படியும் போயிடுவார், நிரு. நீ மாத்தலேன்னா பிப்பை ஒழுங்கா நடத்தத் தெரியலைன்னு உன் ஃபைல்ல ஏறும். ஒருத்தர் போறதா, ரெண்டு பேர் போறதா, நீயே பாத்துக்கோ."

ஐந்தே நிமிஷ வேலை. நாலில் இரண்டை மாற்றினாள். சேமிக்கும் பொத்தானை அழுத்திய பிறகு, மாற்றியதில் ஒன்று அந்த நாலாவது இலக்குதான் என்பதைக் கவனித்தாள். நாற்பது பேர் பார்த்துக் கைதட்டிய இலக்கு. அதை மறுபடி திறந்து வேறு ஒன்றுக்கு மாற்றலாம். திறக்கவில்லை. எதை மாற்றினால் என்ன?

கடைசி மீட்டிங்கில் ரக்ஷா திரையில் வந்தாள். ஏழு நிமிஷத்தில் எல்லாவற்றையும் படித்து முடித்து, ராஜினாமாக் கடிதம் ஒன்று மெயிலில் இருக்கிறது, கையெழுத்துப் போட்டால் அனுபவச் சான்றிதழில் சிக்கல் இருக்காது என்று சொல்லிவிட்டுத் திரையை அணைத்தாள். அறையில் இருவரும் மிஞ்சினார்கள். வெளியே செக்யூரிட்டிக்காரர் லேப்டாப்பை வாங்கிக்கொள்ளக் காத்திருந்தார்.

"மேடம், ஒண்ணே ஒண்ணு கேக்கலாமுங்களா?"

"கேளுங்க."

"என் வேலையில எங்கயாச்சும் தப்பு இருந்துச்சா?"

"இல்லை."

"இங்கிலீஷா?"

"இல்லை, சிவசங்கரன்."

"அப்ப எட்டுப் பேர்ல என்னை ஏன்?"

சொல்லக் கூடிய பதில்கள் நாலைந்து இருந்தன. எல்லாமே அவள் கைப்பட எழுதியவை. அவற்றில் ஒன்றைச் சொல்லியிருந்தால் அவர் தலையாட்டிவிட்டுப் போயிருப்பார். ஏனோ அன்றைக்கு அவளால் முடியவில்லை.

"நீங்க எதிர்த்துக் கேக்க மாட்டீங்கன்னு நினைச்சேன்" என்றாள்.

அவர் அவளையே பார்த்தார். கோபப்படவில்லை. யாரோ புரியாத பாஷையில் பேசியதை மனசுக்குள் தமிழாக்கிக்கொள்கிறவர் மாதிரி இருந்தது முகம்.

"என் பொண்ணு எதிர்ல நின்னு பேசிப் பழகினேன் மேடம், ரெண்டு மாசமா. அது ஏழாவது படிக்குது. 'அப்பா, அங்க திணறாத, இங்க நிறுத்து'ன்னு அது எனக்குச் சொல்லிக் குடுக்கும்." எழுந்து பையை மாட்டிக்கொண்டார். "அதுகிட்ட இப்ப நான் என்னன்னு சொல்லுவேன்?"

ராஜினாமாக் கடிதத்தில் அவர் கையெழுத்துப் போடவில்லை. நீங்கள் என்னை நீக்குவதாக இருந்தால் அதை எழுத்தில் கொடுங்கள் என்று ஒரே வரி மெயில் அனுப்பினார். அந்த மெயில்தான் ஆபீஸில் எல்லாருக்கும் முதல் அதிர்ச்சி. அவரிடம் அதை யாரும் எதிர்பார்க்கவில்லை. நிருபமா எல்லாரையும்விடக் குறைவாக எதிர்பார்த்திருந்தாள்.

நீக்கிய உத்தரவு கைக்கு வந்ததும், ஜூலையில் தொழிலாளர் துறையில் புகார் கொடுத்தார். ஐ.டி. ஊழியர் சங்கத்துக்காரர்கள் யாரோ துணைக்கு இருந்தார்களாம். புகாரின் மூன்றாவது பக்கத்தில், கடைசி மீட்டிங்கில் நிருபமா சொன்ன வாக்கியம் தமிழிலேயே இருந்தது, கீழே ஆங்கிலத்தில் அதன் பொருளோடு. கம்பெனி வக்கீல் அதை அவள் முன்னால் தள்ளி, "இப்படிச் சொன்னீர்களா?" என்று கேட்டார். ஹர்ஷாவும் பக்கத்தில் இருந்தான்.

"ஞாபகமில்லை" என்றாள் நிருபமா.

"வெரி குட். இதே வார்த்தையை அங்கேயும் சொல்லுங்கள். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்."

செப்டம்பரில் விசாரணைக்கு அழைத்தார்கள். நீளமான அறை. பழைய ஃபைல்களைக் கட்டுக் கட்டாகச் சுவரோரம் அடுக்கியிருந்தார்கள். சமரசம் பேசும் அதிகாரி சந்திரம்மா என்று ஒரு ஐம்பது வயதுப் பெண்மணி. அன்றைக்கு அவருக்கு இது பதினோராவது கேஸ். எதிர்ப் பக்கத்தில் சிவசங்கரன் உட்கார்ந்திருந்தார். இளைத்திருந்தார். பக்கத்தில் உஷா, பள்ளிக்கூடத்துப் புடவையிலேயே, மதியம் லீவு சொல்லிவிட்டு வந்தவள் போலிருந்தது. நிருபமா அவளை முதல் தடவை பார்க்கிறாள். உஷா அவளைப் பார்த்த பார்வையில், யார் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

வக்கீல் எழுந்தார். சிவசங்கரனை நீக்கியது சரியா தவறா என்ற பேச்சுக்கே அவர் போகவில்லை. இந்த மனிதர் சட்டப்படி தொழிலாளியே இல்லை, மற்றவர்களை மேற்பார்வை செய்கிறவர், ஆகவே இந்தப் புகாரே இங்கே செல்லாது என்றார். அதற்கு ஆதாரமாக ஒரு தாளை நீட்டினார். "இவருடைய மேனேஜரே எழுதியது."

தாளின் நகல் நிருபமாவிடமும் வந்தது. மார்ச் மாதம் அவள் எழுதிய முதல் மதிப்பீடு. மாற்றி எழுதும் முன்பு இருந்தது. சிஸ்டத்தில் எங்கேயோ தங்கிப்போயிருக்கிறது. 'இளைய பொறியாளர்கள் நால்வருக்கு வழிகாட்டி, அவர்கள் வேலையைப் பார்த்துத் திருத்துகிறார்' என்ற வரிக்கு மஞ்சள் பூசியிருந்தார்கள். சிவசங்கரனைப் பற்றி அவள் உண்மையாக எழுதிய காகிதம் உலகத்திலேயே அது ஒன்றுதான். அவருக்கு அது அதுவரை தெரியவே தெரியாது. தாளை வாங்கி முதலிலிருந்து கடைசிவரை நிதானமாகப் படித்தார். படித்து முடித்து உஷாவிடம் கொடுத்தார்.

சந்திரம்மா நிருபமாவைப் பார்த்துக் கன்னடத்தில் கேட்டார், இவருக்குக் கீழே நாலு பேர் வேலை பார்த்தார்களா என்று.

"இல்லை மேடம்" என்று நிருபமாவும் கன்னடத்திலேயே சொன்னாள். "இவர் கீழே ஒருத்தரும் கிடையாது. சின்னவங்க வந்து கேட்டா சொல்லித் தருவார், அவ்வளவுதான். இந்த வரியை எழுதினதுக்கு அப்புறம் அழிச்சுட்டு நேர் மாறா எழுதினேன். பிப்ல நாலு இலக்கையும் முடிச்சார். ரெண்டை முடிக்கலைன்னு மாத்தினேன். மூணாவது பக்கத்துல இவர் எழுதியிருக்கற அந்த வாக்கியமும் நான் சொன்னதுதான்."

வக்கீல் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். சந்திரம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லும்மா" என்றார். "நீ யார் கட்சி? கம்பெனியா, அவரா?"

நிருபமா அந்த மஞ்சள் பூசிய வரியில் விரலை வைத்தாள். "நானே பரெதித்து" என்றாள். நான்தான் எழுதினது.

சந்திரம்மா இரண்டு வரி குறித்துக்கொண்டார். தொழிலாளியா இல்லையா என்பதை முடிவு செய்வது தன் வேலை இல்லை, சமரசம் கூடிவரவில்லை என்று எழுதிக் கோர்ட்டுக்கு அனுப்புகிறேன் என்றார். மொத்தம் இருபத்தைந்து நிமிஷம். நடையில் வக்கீல் யாரிடமோ போனில், "மூணு வருஷம், நாலு வருஷம்கூட ஆகும், கவலையில்லை" என்று சொல்லிக்கொண்டே போனார். நிருபமாவின் பக்கம் அவர் திரும்பவில்லை.

வாசலில் உஷா அவளை நிறுத்தினாள்.

"இத நீங்க மார்ச்சுல சொல்லியிருக்கலாமே?"

"ஆமா."

"அப்ப சொல்லியிருந்தா எங்களுக்கு ஆகியிருக்கும். இப்ப சொன்னது உங்களுக்கு ஆச்சு." உஷாவின் குரல் உயரவேயில்லை. வகுப்பில் தப்பைச் சுட்டிக்காட்டுகிற குரல். "அந்தப் பேப்பர்ல எழுதியிருந்தத இவர் படிச்சப்போ மூஞ்சியப் பாத்தீங்களா? இவ்ளோ நல்லாத் தெரிஞ்சி வச்சிருந்துதானா இவரப் புடிச்சித் தள்ளினீங்க?"

"உஷா, விடும்மா" என்றார் சிவசங்கரன். பிறகு நிருபமாவிடம், "ஹோசூர்ல ஒரு சின்னக் கம்பெனி. வர்ற ஒண்ணாந்தேதி சேர்றேன்" என்றார்.

"சந்தோஷம்" என்றாள் நிருபமா.

"சந்தோஷம்னு சொல்றதுக்கில்லீங்க. பத்து வருஷம் முன்னால பாத்த வேலை அது. திரும்ப அங்கேருந்து ஆரம்பிக்கணும்." அவர் மேடம் என்று சொல்லவில்லை. இருவரும் பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தார்கள். உஷா அந்தத் தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டது தெரிந்தது.

திங்கட்கிழமை நிருபமாவின் குழு சஞ்சயிடம் போயிற்று. அவளுக்குச் 'சிறப்புத் திட்டங்கள்' என்று ஒரு பெயர் வைத்து, ஐந்தாவது மாடியில் ஜன்னலோரமாக ஒரு மேசை கொடுத்தார்கள். திட்டம் என்று ஒன்றும் வரவில்லை. கேஸ் நடக்கிற வரைக்கும் அவளை வெளியே அனுப்ப மாட்டார்கள், அது நமக்கே பாதகம் என்று வக்கீல் சொல்லியிருந்தாராம். சிந்து கேள்விப்பட்டு வந்து சொன்னாள். ஹர்ஷா லிஃப்டில் பார்த்தால் தலையசைப்பான். ஒரு தரம், லிஃப்டில் வேறு யாரும் இல்லாதபோது, "நீ அவருக்கும் நல்லது பண்ணலை, உனக்கும் பண்ணிக்கலை" என்றான். அவன் சொன்னதில் தப்பு எங்கே இருக்கிறது என்று அவள் மூன்றாவது மாடியிலிருந்து ஐந்தாவது மாடிவரை தேடினாள்.

வீட்டில் கணவன் கண்ணா, வேறு இடம் பார்க்கலாமே என்றான். இரண்டு இடத்தில் பார்த்தாள். முதல் சுற்றில் நன்றாகப் பேசியவர்கள் இரண்டாவது சுற்றுக்குக் கூப்பிடவில்லை. வைட்ஃபீல்டில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். தினமும் அதே மெட்ரோவில் போய் அதே மேசையில் உட்கார்ந்து, மெயில் வராத திரையைப் பார்த்துவிட்டு ஆறு மணிக்குத் திரும்பினாள்.

அடுத்த மார்ச் மாதமும் மதிப்பீடு வந்தது. சஞ்சய்க்கு முதல் வருஷம். வியாழக்கிழமைக்கு அவன் காத்திருக்கவில்லை, செவ்வாய்க்கிழமையே பெயரைக் கொடுத்துவிட்டான் என்று பேச்சு.

ஏப்ரல் முதல் வாரம், மதியச் சாப்பாட்டு நேரத்தில், அதிதி ஐந்தாவது மாடிக்கு வந்தாள். நிருபமாவின் மேசைக்குப் பக்கத்தில் இருந்த காலி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததுமே விஷயம் புரிந்தது.

"பிலோ" என்றாள் அதிதி. "குழந்தைக்கு உடம்பு சரியில்லைன்னு பதினோரு நாள் லீவு போட்டேன். 'ஈடுபாடு குறைவு'ன்னு எழுதியிருக்கான். அறுபது நாள் பிப்."

போன வருஷம் உன் பெயர் வராமல் பார்த்துக்கொண்டேன் என்று சொல்ல நிருபமாவுக்கு வாய் வரை வந்தது. அதற்காக யாரைக் கொடுத்தாள் என்பதும் கூடவே வந்தது. இரண்டையும் விழுங்கிக்கொண்டாள்.

"சீட் ஏற்கெனவே போயாச்சு, அதிதி. நீ எவ்வளவு பண்ணினாலும் கடைசில முடிக்கலைன்னுதான் வரும். அவங்க கொடுக்கற லெட்டர்ல மட்டும் கையெழுத்துப் போடாதே."

"சிவசங்கரனுக்கும் அப்படித்தானே?"

"ஆமா."

"அவர் கேஸ் என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலை. ரெண்டு தேதி தள்ளிப் போட்டுட்டாங்க. அடுத்தது ஜூன்ல."

அதிதி கொஞ்ச நேரம் ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தாள். மெயின் ரோட்டில் வண்டிகள் நகராமல் நின்றுகொண்டிருந்தன.

"பரவாயில்லை. அவர் நம்பர் கொடுங்க."

நிருபமா கைப்பேசியை எடுத்து நம்பரைத் தேடினாள். கோர்ட்டில் கூப்பிட்டால் உனக்காகவும் வந்து சொல்கிறேன் என்றாள். அதிதி நம்பரை வாங்கி, அங்கேயே உட்கார்ந்தபடி போன் போட்டாள்.